எந்த எண்ணை எழுதி வைப்பது? ஓபரா ஒலிப்பதிவுகளும் அவற்றின் அடையாளக் குறியீடுகளும்

சில வருடங்களுக்கு முன் பழைய சிடி விற்கும் ஒருவரிடம் புச்சினியின் 'டோஸ்கா' ஓபரா கேட்டிருந்தேன். மரியா காலஸ் பாடியது, வில்லன் ஸ்கார்பியாவாக டிட்டோ கோப்பி, இஎம்ஐ கம்பெனி வெளியீடு என்று தெளிவாகத்தான் எழுதினேன். பார்சல் வந்தது. அட்டையில் காலஸ் இருந்தார், கோப்பி இருந்தார், இஎம்ஐ முத்திரையும் இருந்தது. தட்டைப் போட்டதும் தொடக்கத்தில் வரும் அந்த முரட்டு ஒலிகள் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே அகலமாக விரிந்து விழுந்தன. ஸ்டீரியோ! நான் கேட்டிருந்தது, ஒலி இப்படி விரியாமல் ஒன்றாகவே வரும் மோனோ.

விஷயம் இதுதான். காலஸும் கோப்பியும் இந்த ஓபராவை ஸ்டுடியோ பதிவாக இரண்டு தடவை பாடியிருக்கிறார்கள். 1953 ஆகஸ்டில் மிலான் லா ஸ்காலா ஓபரா அரங்கில், வாத்தியக் குழுவை விக்டர் தெ சபாட்டா நடத்தியது ஒன்று. அதில் நாயகன் காவரதோசியாக ஜியூசெப்பே தி ஸ்டெபானோ. 1964 டிசம்பரில் பாரிஸில் ஜார்ஜ் பிரெத்ர் நடத்தியது இன்னொன்று. அதில் கார்லோ பெர்கோன்ஸி. நான் கேட்டது முதலாவது, வந்தது இரண்டாவது. விற்றவரைக் குறை சொல்ல வழியில்லை. நான் சொன்ன அத்தனை அடையாளமும் இரண்டுக்கும் பொருந்துகிறதே!

அன்றைக்கே என் பட்டியலில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன்: 'எண்'. சேர்த்த பிறகுதான் தலைவலி ஆரம்பித்தது. எந்த எண்? ஒரு சிடி பெட்டியைத் திருப்பிப் பார்த்தாலே நாலைந்து எண்கள் தெரிகின்றன. தட்டின் உள்வளையத்தில் இன்னும் இரண்டு. கணினியில் போட்டால் பாட்டுக்கு ஒன்றாக இருபது முப்பது. இணையத் தரவுத்தளங்கள் தங்கள் பங்குக்கு ஆளுக்கொன்று கொடுக்கின்றன. எல்லாவற்றையும் எழுதி வைக்கலாம்தான். மூன்றாவது பெட்டியிலேயே சலித்துவிடும்.

ஒவ்வொன்றாக எடைபோடும் முன், எதற்கு எண் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்த 1953 டோஸ்காவையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் அது கொலம்பியா முத்திரையில் 33சிஎக்ஸ் 1094, 1095 என்ற இரண்டு எல்பி தட்டுகளாக வந்தது. அமெரிக்காவில் ஏஞ்சல் 3508. சிடி காலத்தில் இஎம்ஐ 5 56304 2 என்று ஒரு பதிப்பு, பிறகு 5 67756 2 என்று இன்னொன்று. நடுவில் நாக்ஸோஸ் கம்பெனி 8.110256-57 என்று தன் பங்குக்கு ஒன்று. 2013-இல் இஎம்ஐயின் கிளாசிக்கல் சொத்து வார்னர் கைக்குப் போனது. 2014-இல் வார்னர் புதிதாக ரீமாஸ்டர் செய்து, அதாவது ஒலியைச் சீராக்கி, மறுபடி வெளியிட்டது. ஆக, பாடியது ஒரே ஒரு தடவை. பழைய நாடாவிலிருந்தோ தட்டிலிருந்தோ புதிதாக மாற்றியெடுத்தது பல தடவை. பெட்டியாகக் கடைக்கு வந்தது அதைவிடப் பல தடவை. கடைசியாக, என் அலமாரியில் நிற்கிற அந்த ஒரு பிரதி. பாட்டு, மாற்றுப்பதிவு, பெட்டி, பிரதி என்று நாலு அடுக்கு. எந்த எண்ணைப் பற்றிப் பேசினாலும் அது எந்த அடுக்கைச் சுட்டுகிறது என்று முதலில் கேட்டுவிட வேண்டும். என் குழப்பத்தில் பாதி அந்தக் கேள்வியிலேயே தீர்ந்தது.

முதலில் கேட்லாக் எண். கம்பெனி தன் சரக்குக்குத் தானே வைத்துக்கொண்ட எண். ஓபரா ரசிகர்கள் பேசிக்கொள்ளும் மொழி இதுதான். பழைய விமர்சனங்கள், ஏல அறிவிப்புகள், நூலக அட்டைகள் எல்லாவற்றிலும் இதுவே இருக்கும். அட்டையின் முதுகிலேயே அச்சடித்திருப்பதால் தேடவும் வேண்டியதில்லை. கொஞ்சம் பழகிவிட்டால் எண்ணே பேசும். டெக்கா போன்ற கம்பெனிகள் அடங்கிய பாலிகிராம் குடும்பத்து எண்களில் கடைசியில் -2 இருந்தால் சிடி, -1 என்றால் எல்பி, -4 என்றால் கேசட். ஷோல்டி நடத்திய வாக்னரின் 'ரிங்' 1997-இல் சிடி பெட்டியாக வந்தபோது டெக்கா அதற்குக் கொடுத்த எண் 455 555-2. ஒரு தடவை கேட்டால் மறக்காது.

இன்னும் பின்னால் போனால் இதைவிட அழகு. நூறு வருடத்துக்கு முந்தைய கிராமபோன் கம்பெனி எண்களில் முதல் இலக்கம் மொழியையும் இரண்டாவது இலக்கம் குரலையும் சொல்லும். 52-இல் தொடங்கினால் இத்தாலிய ஆண் குரல், 53 என்றால் இத்தாலியப் பெண் குரல், 42 என்றால் ஜெர்மன் ஆண் குரல். முன்னால் ஒரு பூஜ்யம் வந்தால் 12 அங்குலத் தட்டு. இதே ஏற்பாடு இந்தியாவுக்கும் வந்தது: நம் ஊர் ஆண் குரலுக்கு 12, பெண் குரலுக்கு 13. 1902-இல் மிலானில் இத்தாலியப் பாடகர் கரூசோவைப் பதிவு செய்த, அந்தக் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பெர்க் அதே வருடக் கடைசியில் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். இரண்டு பேரும் ஒரே எண் முறைக்குள் வந்துவிட்டார்கள்.

கேட்லாக் எண்ணின் குறைகளும் கொஞ்சநஞ்சம் இல்லை. ஊருக்கு ஊர் மாறும். மேலே பார்த்த டோஸ்காவே சாட்சி. கம்பெனி பெயர் சேராமல் எண் மட்டும் இருந்தால் பிரயோஜனமில்லை. கம்பெனி பெயரே ஏமாற்றுவதும் உண்டு: பிரிட்டிஷ் கொலம்பியா இஎம்ஐயைச் சேர்ந்தது, அமெரிக்கக் கொலம்பியா சிபிஎஸ்ஸைச் சேர்ந்தது, இரண்டுக்கும் அந்தக் காலத்தில் சம்பந்தமே கிடையாது. எனவே 'கொலம்பியா' என்று எழுதினால் கூடவே நாட்டையும் எழுதிவிடுங்கள். இன்னொரு சிக்கல், ஒரே எண்ணை மனிதர்கள் எழுதும் விதம். இடைவெளி விட்டு, விடாமல், புள்ளி வைத்து, கோடு போட்டு, முன்னெழுத்தைச் சேர்த்து, சேர்க்காமல் என்று பத்து விதம். தேடும்போது ஒன்பது விதம் சிக்காது.

அப்புறம் பார்கோடு. கடையில் விற்கும் பெட்டியை உலகத்தில் தனியாகச் சுட்ட இதைவிடச் சுத்தமான எண் இல்லை. பெரிய வசதி, கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களைக் காவல் காக்கும். 1990-களின் இஎம்ஐ சிடிக்களில் கேட்லாக் எண்ணும் பார்கோடும் கிட்டத்தட்ட ஒன்றேதான். முன் சொன்ன டோஸ்காவின் முழு எண் 7243 5 56304 2 1. இதில் 7243 கம்பெனி, 5 56304 பதிப்பு, 2 சிடி, கடைசி 1 சரிபார்ப்பு இலக்கம். சும்மா கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒற்றைப்படை இடங்களில் உள்ள 7, 4, 5, 6, 0, 2 கூட்டினால் 24. மூன்றால் பெருக்கினால் 72. இரட்டைப்படை இடங்களில் 2, 3, 5, 3, 4, கூட்டினால் 17. மொத்தம் 89. அடுத்த பத்துக்கு ஒன்று குறைகிறது, அந்த ஒன்றுதான் கடைசி இலக்கம். தூக்கக் கலக்கத்தில் 56304-ஐ 56340 என்று எழுதிவிட்டால் கணக்கு 97-இல் போய் நிற்கும், கடைசி இலக்கம் 3 ஆகியிருக்க வேண்டும். தப்பு அங்கேயே மாட்டிக்கொள்ளும். கேட்லாக் எண்ணுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆனால் பார்கோடு பெட்டியைத்தான் அறியும், பாட்டை அறியாது. 2014-இல் வார்னர் வெளியிட்ட காலஸ் ஸ்டுடியோ பதிவுகளின் 69 சிடி தொகுப்புக்கு ஒரே பார்கோடு: 0825646339914. அதற்குள் 1953 டோஸ்காவும் இருக்கிறது, 1964 டோஸ்காவும் இருக்கிறது! எனக்கு எந்த இரண்டைப் பிரித்துக் காட்ட எண் தேவைப்பட்டதோ, அந்த இரண்டையும் ஒரே எண் வாரி அணைத்துக்கொள்கிறது. 1950-களின் எல்பி தட்டுகளில் பார்கோடே கிடையாது என்பது தனிக்கதை.

கணினி அட்டவணையில் பார்கோடு எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கட்டத்தை முதலிலேயே 'எழுத்து' வகையாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை மென்பொருள் தின்றுவிடும், அல்லது 7.24E+11 என்று சுருக்கி வைக்கும். நாற்பது பெட்டிக்கு எழுதிச் சேமித்து மூடிவிட்டு மறுநாள் திறந்து பார்த்தபோது எனக்குத் தெரிந்தது. அமெரிக்க 12 இலக்க எண்ணுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் போட்டால் ஐரோப்பிய 13 இலக்க எண் ஆகிவிடும். எல்லாவற்றையும் 13 ஆக்கி எழுதுவது நல்லது.

மூன்றாவது மேட்ரிக்ஸ் எண். எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீளும்.

1902 ஏப்ரலில் மிலானில் ஒரு ஓட்டல் அறையில் கரூசோ 10 பாட்டுகள் பாடினார், 100 பவுண்டுக்கு. ஒவ்வொரு பாட்டும் மெழுகுத் தட்டில் பதிவானதும் அந்த மெழுகுக்கு ஒரு வரிசை எண் விழுந்தது. அது மேட்ரிக்ஸ் எண். பிறகு தட்டாக அச்சடித்து விற்கும்போது போட்டது கேட்லாக் எண். விற்கும் எண் மாறலாம், ஒற்றைப் பக்கத் தட்டு இரட்டைப் பக்கமாகலாம், வேறு நாட்டில் வேறு முத்திரையில் வரலாம். மெழுகில் விழுந்த எண் மாறாது. அதாவது பாட்டு என்ற அடுக்கை நேராகச் சுட்டும் ஒரே பழைய எண் இது.

இதன் அருமை 'வெஸ்தி லா ஜுப்பா'வில் தெரியும். 'பாலியாச்சி' ஓபராவில் கோமாளி வேஷம் போட்டுக்கொண்டே அழும் அந்தப் பாட்டைக் கரூசோ 1902, 1904, 1907 என்று மூன்று தடவை பதிவு செய்தார். 'கரூசோவின் வெஸ்தி லா ஜுப்பா' என்று மட்டும் கோப்புக்குப் பெயர் வைத்தால் மூன்றில் எது? 1907-இல் விக்டர் கம்பெனிக்காக வாத்தியக் குழுவோடு பாடியதற்கு மேட்ரிக்ஸ் சி-4317, கேட்லாக் எண் 88061. விக்டர் மேட்ரிக்ஸில் 'சி' என்றால் 12 அங்குலம், 'பி' என்றால் 10 அங்குலம். பின்னால் ஒரு கோடு போட்டு வரும் சிறு எண் எத்தனையாவது டேக், அதாவது அதே பாட்டை எத்தனையாவது முறை பாடிப் பதிந்தது என்று சொல்லும். கேட்லாக் எண் இந்த டேக்கைக் காட்டாது. ஒரே கேட்லாக் எண்ணில் வெவ்வேறு டேக்குகள் அச்சாகியிருப்பதும் உண்டு. விக்டர் போன்ற அமெரிக்கக் கம்பெனிகளின் மேட்ரிக்ஸ் பதிவேடுகளைக் கலிபோர்னியாவின் சான்டா பார்பரா பல்கலைக்கழகம் இணையத்தில் தேடும்படி திறந்து வைத்திருக்கிறது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் இந்தப் பழைய தட்டுகளை, '78'களை, சேகரிப்பவர்களுக்கு வேறு எண்ணே வேண்டாம்.

எல்பி வந்ததும் இதே எண்ணின் வேலை மாறிவிட்டது. பாட்டு இப்போது நாடாவில் பதிவாகிறது. மேட்ரிக்ஸ் எண் அந்த நாடாவிலிருந்து தட்டின் ஒரு பக்கத்தை வெட்டியதைத்தான் சுட்டுகிறது. தட்டை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால், பாட்டுக் கோடுகள் முடிந்து லேபிள் தொடங்கும் வழவழப்பான வளையத்தில் பொறித்திருப்பது தெரியும். டெக்கா ஸ்டீரியோ தட்டுகளில் 'இசட்ஏஎல்' என்று தொடங்கும் எண், அப்புறம் ஒரு கோடு, எத்தனையாவது வெட்டு என்ற எண், வெட்டிய பொறியாளருக்கான ஓர் எழுத்து. முதல் வெட்டா, பத்து வருடம் கழித்து வெட்டியதா என்று பார்த்து விலை பேசுபவர்களுக்கு இது உயிர். முழு ஓபராவைப் பட்டியலிட நினைப்பவருக்கு இது பாரம். மூன்று தட்டு ஓபராவுக்கு ஆறு எண். 78 காலத்து முழு ஓபரா என்றால் பக்கத்துக்கு நாலு நிமிடம் வீதம் ஒரு பக்கம் முழுக்க எண்களாக எழுத வேண்டிவரும்.

ஐ.எஸ்.ஆர்.சி.யைப் பற்றிக் கேள்விப்பட்டபோது, தேடியது கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பெயரே 'சர்வதேசத் தர ஒலிப்பதிவுக் குறியீடு'. 1986-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 3901 தரம். 12 எழுத்து: முதல் இரண்டு நாடு, அடுத்த மூன்று பதிவு செய்தவர், அப்புறம் இரண்டு இலக்க வருடம், கடைசி ஐந்து வரிசை எண். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் ஐந்தையும் சேர்த்து ஒரே முன்னொட்டாக எண்ணுகிறார்கள். கட்டிடம் கச்சிதம். குடியேறிப் பார்த்தால்தான் ஒழுகுவது தெரிகிறது.

இது தடத்துக்குத் தடம் (டிராக்) கொடுக்கும் எண். பாப் பாட்டுக்கு அது சரி; ஒரு பாட்டு, ஒரு தடம். இரண்டு மணி நேர ஓபராவை எங்கே வெட்டித் தடமாக்குவது என்பது அந்தப் பதிப்பைத் தயாரித்தவரின் விருப்பம். டோஸ்காவில் வரும் 'விஸ்ஸி தார்தே' பாட்டை ஒருவர் தனியாக வெட்டுவார், இன்னொருவர் அதற்கு முந்தைய உரையாடலோடு சேர்ப்பார். தடம் மாறினால் குறியீடும் மாறும். ஒலியைச் சீராக்கி முழுதாக ரீமாஸ்டர் செய்தாலும் புதுக் குறியீடு வாங்க வேண்டும் என்பது விதி. வேறொரு கம்பெனி பழைய எல்பியிலிருந்து தானாக மாற்றியெடுத்தால் அதற்குத் தனிக் குறியீடுகள். ஐரோப்பாவில் ஒலிப்பதிவு உரிமை 50 வருடமாக இருந்த காலத்தில் 1953 பதிவுகள் 2004-இல் பொதுவுடைமை ஆயின. நாக்ஸோஸ் போன்றவர்கள் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான். பிறகு அந்த உரிமையை 70 வருடமாக நீட்டினார்கள். முழு ஓபராவுக்கென்று ஒற்றை ஐ.எஸ்.ஆர்.சி. இல்லவே இல்லை. உள்ளே இருக்கும் வருடமும் பொறி வைக்கும்: அது குறியீடு வழங்கிய வருடம், பாடிய வருடம் இல்லை. 1953 பதிவின் குறியீட்டில் வேறு வருடம் இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள்.

ராயல்டி பிரிப்பவர்களுக்கும் ஸ்ட்ரீமிங் கம்பெனிகளுக்கும் இது கணக்குப் பிள்ளை. கணினியில் கோப்புகளாக வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு கோப்புக்குள்ளும் இருக்கும் விவரக் குறிப்பில் இருக்கட்டும் என்று விடலாம். அலமாரிப் பட்டியலுக்கு உதவாது. பெயர் ஒத்திருப்பதால் சிலர் ஐ.எஸ்.டபிள்யூ.சி.யையும் இதோடு குழப்புவார்கள். அது படைப்புக்கான எண். புச்சினி எழுதியதைச் சுட்டும், காலஸ் பாடியதைச் சுட்டாது.

தரவுத்தள எண்களில் இரண்டைத்தான் பொருட்படுத்தலாம். டிஸ்காக்ஸ் தளம் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு சிறிய எண் கொடுத்து, ஒரே பதிவின் வெளியீடுகளை ஒரு 'மாஸ்டர்' பக்கத்தின் கீழ் சேர்க்கிறது. உள்வளைய எழுத்துகள் வரை பயனர்கள் அங்கே எழுதி வைத்திருப்பார்கள். மியூசிக்பிரெய்ன்ஸ் இன்னும் நுட்பமானது. படைப்பு, ஒலிப்பதிவு, வெளியீடு, வெளியீட்டுக் குழு என்று அடுக்குக்கு அடுக்கு தனித்தனியாக 36 எழுத்து அடையாளம். நான் மேலே சொன்ன அடுக்குகளை ஏறக்குறைய அப்படியே பிரித்து வைத்திருக்கும் ஒரே இடம் அதுதான். இரட்டைப் பதிவுகளை இணைக்கும்போதும் பழைய அடையாளம் புதியதற்கு வழிகாட்டும். ஆனால் அங்கேயும் 'ஒலிப்பதிவு' என்பது தடம்தான். ஓபரா அங்கேயும் துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது. 36 எழுத்தைக் கையால் எழுத முடியாது, போனில் சொல்ல முடியாது. அதற்கு மேல், இன்னொருவர் வீட்டு எண்ணை நம் வீட்டுச் சாவியாக்குவதில் எனக்கு ஒரு பயம் உண்டு. சிடியைப் போட்டதும் பாட்டுப் பெயர்களைக் கொண்டுவந்து கொட்டிய ஃப்ரீடிபி 2020-இல் கடையைக் கட்டியது. அமேசானின் எண் அமேசானுக்குத்தான். வேர்ல்ட்கேட் நூலக எண், நூலகத்தில் தேடுபவர்களுக்கு நல்லது, ஆனால் ஒரே பெட்டிக்கு இரண்டு மூன்று அட்டைகள் கிடைக்கும்.

ஒலியையே கேட்டு அடையாளம் சொல்லும் அகூஸ்ட்ஐடி போன்ற விரல்ரேகை முறை இருக்கிறதே என்பீர்கள். பெயர் தெரியாத கோப்புகளைக் கண்டுபிடிக்கப் பிரமாதம். பழைய 78 தட்டுகளில் கைகொடுப்பதை நம்ப முடியாது. அந்தக் காலத்தில் வேகம் கண்டிப்பாக 78 இல்லை. மாற்றியெடுப்பவர் எந்த வேகத்தில் ஓட்டினார் என்பதைப் பொறுத்துச் சுருதி ஏறும், இறங்கும். ரேகை பொருந்தாது.

இத்தனைக்கும் பிறகு, ஓபரா ரசிகர்கள் உயிரை விடும் நேரடி நிகழ்ச்சிப் பதிவுகளுக்கு மேலே சொன்ன எதுவுமே தேறாது. காலஸ், லா ஸ்காலாவில் ஜூலினி நடத்த, விஸ்கோந்தி தயாரிப்பில் பாடிய 'லா திராவியாத்தா' 1955 மே 28 பதிவும் இருக்கிறது, 1956 ஜனவரி 19 பதிவும் இருக்கிறது. அதே அரங்கம், அதே நடத்துநர், பாரிடோன் (நடுத்தர ஆண் குரல்)கூட அதே பாஸ்தியானினி. டெனர் (உச்ச ஆண் குரல்) மட்டும் மாறுகிறார்: முதலாவதில் தி ஸ்டெபானோ, அடுத்ததில் ரைமோந்தி. இவை வானொலியிலிருந்தும் தனியார் நாடாக்களிலிருந்தும் கிளம்பி எத்தனையோ சிறு முத்திரைகளில் வந்தவை. கேட்லாக் எண் எழுதினால் முத்திரையைத்தான் அறிவீர்கள். அந்த முத்திரைகளே நம்பத்தக்கவை என்றும் சொல்ல முடியாது. நியூயார்க்கில் எட்வர்ட் ஜே. ஸ்மித் 1956 முதல் தனியாக விற்ற இஜேஎஸ் வரிசை எல்பிகளில் தேதியும் பாடகர் பெயரும் தப்பாக இருப்பது சாதாரணம். அவற்றைத் திருத்திப் பட்டியலிடவே ஆராய்ச்சியாளர்கள் தனி நூல் எழுத வேண்டியிருந்தது.

இங்கே எண் என்பது தேதிதான். 1955-05-28, லா ஸ்காலா. இதைவிடக் கச்சிதமான அடையாளம் கிடையாது. எந்தக் கம்பெனி வாங்கினாலும் விற்றாலும் மூடினாலும் மாறாது. வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கணினி தானாக அடுக்கியும் கொடுக்கும்.

இதை உணர்ந்ததும் ஸ்டுடியோ பதிவுகளுக்கும் அதையே செய்தேன். என் பட்டியலில் இப்போது முதல் அடையாளம் நானே எழுதுவது: ஓபரா, நடத்துநர், இடம், பதிவான வருடம், மாதம். 'டோஸ்கா, தெ சபாட்டா, மிலான், 1953-08'. நடத்துநர் பெயரைத் தவறவிடாதீர்கள். பாடகர்கள் ஒரே ஓபராவுக்குத் திரும்பத் திரும்ப வருவார்கள், அதே நடத்துநரோடும் அதே வருடத்திலும் வருவது அபூர்வம். அதற்கடுத்த கட்டத்தில் கையிலுள்ள பதிப்பின் கம்பெனியும் கேட்லாக் எண்ணும், அட்டையில் உள்ளபடியே, இடைவெளி உட்பட. மூன்றாவது கட்டத்தில் பார்கோடு இருந்தால் பார்கோடு. 78 என்றால் அந்த மூன்றாவது கட்டத்தில் மேட்ரிக்ஸும் டேக்கும். அவ்வளவுதான், மீதியெல்லாம் தேவைப்படும்போது இந்த மூன்றிலிருந்து தேடி எடுக்கக் கூடியவை.

வாங்குவதற்கு மட்டும் பட்டியல் போடுபவர் என்றால் பார்கோடு ஒன்றே போதும், தொகுப்புப் பெட்டிகளில் மட்டும் ஜாக்கிரதை. எல்பி அச்சு வேட்டைக்காரர்கள் மேட்ரிக்ஸை விடமாட்டார்கள், விடவும் கூடாது. கோப்புகளாகவே வைத்திருக்கிறவர் மியூசிக்பிரெய்ன்ஸ் வெளியீட்டு அடையாளத்தை மென்பொருள் வழியாகக் கோப்பின் விவரக் குறிப்பில் ஏற்றிக்கொள்ளலாம், கண்ணுக்குத் தெரியாமல் அது பாட்டுக்குக் கிடக்கும். பிறர் படிப்பதற்காக டிஸ்காகிராபி (ஒலிப்பதிவுப் பட்டியல்) எழுதுகிறவர் முதல் வெளியீட்டின் கேட்லாக் எண்ணையும் இன்று கிடைக்கும் பதிப்பின் எண்ணையும் இரண்டையுமே கொடுங்கள். ஒன்று வரலாற்றுக்கு, ஒன்று வாங்குகிறவருக்கு.

அந்தத் தவறான டோஸ்காவைத் திருப்பி அனுப்பவில்லை. 'டோஸ்கா, பிரெத்ர், பாரிஸ், 1964-12' என்று எழுதி, தெ சபாட்டாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். இரண்டாம் அங்கத்தில் கோப்பிக்காக அதையும் அவ்வப்போது எடுப்பதுண்டு.